பழசுக்கு ஓய்வு கொடுங்கள்... இன்டர்நெட்டிலிருந்து மட்டும்!

ஒரு கம்ப்யூட்டருக்கு எப்போது வயதாகிறது?

கேட்டுப் பாருங்கள், மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். முதல் ஆள் உங்கள் ஆடிட்டர். கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாவது அட்டவணையைப் புரட்டி, ‘மூணு வருஷம் சார்’ என்பார். மேஜைக் கம்ப்யூட்டர், லேப்டாப் எல்லாவற்றுக்கும் அங்கே எழுதியிருக்கும் ஆயுசு அவ்வளவுதான். வருமான வரிக் கணக்கிலோ வருடத்துக்கு 40 சதவீதம் தேய்மானம். பி.காம். படித்த பாவத்துக்கு நானே போட்டுக் காட்டுகிறேன்... 50,000 ரூபாய்க்கு வாங்கிய கம்ப்யூட்டர், ஐந்தே வருடத்தில் ஏட்டில் 3,888 ரூபாயாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது ஆள் மைக்ரோசாஃப்ட். ‘விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு சரி. இனி பாதுகாப்பு அப்டேட் கிடையாது’ என்று நாள் குறித்து, சொன்னபடி கதவைச் சாத்திவிட்டது. எக்ஸ்.பி.-க்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 என்று ஏற்கெனவே இரண்டு காரியம் செய்து முடித்த கை அது.

மூன்றாவது ஆள், அந்தக் கம்ப்யூட்டரேதான். பட்டனைத் தட்டினால் ஃபேன் ‘கர்ர்’ரென்று சத்தம் போடும், ரெண்டு நிமிஷம் யோசிக்கும், அப்புறம் நேற்று விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிடும். ‘எனக்கு என்ன கேடு?’ என்று கேட்காத குறை.

நான் நாலாவதாக ஒரு பதில் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு ஒரேயடியாக வயதாவதில்லை. முதலில் போவது வெளியே, அதாவது இன்டர்நெட் என்ற சந்தைக் கூட்டத்தில் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வரும் தெம்பு. வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் தெம்பு அதற்கப்புறமும் வருடக்கணக்கில் இருக்கும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், ஒருபக்கம் நல்ல பெட்டிகளை எடைக்குப் போடுகிறோம். மறுபக்கம், வெளியே விடவே கூடாத பெட்டிகளை நெட்டில் மேய விடுகிறோம்.

இந்த வழக்குக்குத் தீர்ப்பு 1996-லேயே, அதுவும் வேலூர் பெயரிலேயே வந்துவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் தோல்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... 2019-ல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பெயர்ப்பலகைகள் மாறின, தொழில் மாறவில்லை. பதனிட்ட தோலை விற்பது எடை பார்த்து அல்ல, பரப்பளவு பார்த்து, சதுர அடிக் கணக்கில். ஆட்டுத் தோலுக்கு ஏது நேர்கோடு? கால் பக்கம் ஒரு வளைவு, கழுத்துப் பக்கம் ஒரு வளைவு. அதற்கென்றே அளக்கும் மெஷின் உண்டு. தோல் உள்ளே போய் வெளியே வருவதற்குள் பரப்பளவைக் கணக்குப் பண்ணிச் சொல்லிவிடும். அதன் பக்கத்தில் கணக்கை வாங்கிக்கொள்ள ஒரு கம்ப்யூட்டர், சீட்டு அடிக்க ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். ஷூ தைக்கும் பக்கம் போனால் பேட்டர்ன் தையல் மெஷின்கள். இவற்றில் ஒரு தலைமுறை மெஷின்களுக்கு டிசைனை ஃப்ளாப்பியில்தான் ஊட்ட வேண்டும். ஃப்ளாப்பியா என்று சிரிக்காதீர்கள். போயிங் 747-400 விமானங்களுக்கே வழிகாட்டும் தகவல்களை ஃப்ளாப்பியில்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இங்கேதான் சட்டத்தின் தமாஷைக் கவனிக்க வேண்டும். அதே இரண்டாவது அட்டவணை, பொதுவான மெஷின்களுக்குத் தரும் ஆயுசு 15 வருடம். அதோடு கட்டிப்போட்ட கம்ப்யூட்டருக்கு 3. ஒரே வண்டியில் பூட்டிய ஜோடி மாட்டில் ஒன்றுக்கு ஆயுசு 15, இன்னொன்றுக்கு 3 என்றால் வண்டி எப்படிப் போகும்? மெஷினோடு வந்த சாஃப்ட்வேர் எக்ஸ்.பி.-யில்தான் ஓடும். அது கேட்கும் சீரியல் போர்ட் புதுப் பெட்டிகளில் கிடையாது. மெஷின் விற்றவரைக் கேட்டால், ‘புது மாடல் வாங்கிக்குங்களேன்’ என்பார். ஆக, முதலாளி பழைய கம்ப்யூட்டரைக் கட்டி அழுவது கஞ்சத்தனத்தால் மட்டும் அல்ல. அதைத் தூக்கினால் பல லட்ச ரூபாய் மெஷின் ஊமையாகிவிடும்.

கம்பெனியை விட்டுக் கடைத்தெருவுக்கு வந்தாலும் இதே கதைதான். இந்தப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் தமிழும் உருதும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தமிழுக்கு 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7, உருதுக்கு டெல்லிக்காரர்கள் 1994-ல் கொண்டு வந்த இன்பேஜ். இரண்டிலும் யூனிகோடுக்கு முந்தைய காலத்து எழுத்துருக்களில் அடித்து வைத்த ஃபைல்கள், புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் கோழி கிறுக்கிய மாதிரி தெரியும். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டது 2010-ல். அதற்கு முன்னால் அடித்த நோட்டீஸ், மலர், சங்க அறிக்கை எல்லாம் அந்தப் பழைய பெட்டியின் மொழியில்தான் பேசும்.

சரி, இப்போது நம் ஆட்களின் இரண்டு கட்சிகளைப் பார்ப்போம்.

முதல் கட்சி: ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும் சார்.’ இவர்கள் அளக்கும் மெஷினோடு இருக்கும் அதே எக்ஸ்.பி. பெட்டியில் வொய்ஃபை டாங்கிள் சொருகி, பையர் அனுப்பிய மெயிலைத் திறப்பார்கள். மதிய சாப்பாட்டு நேரத்தில் யூ-டியூப் வேறு. ‘எங்ககிட்ட என்ன இருக்கு, யார் வந்து திருடப் போறா?’ என்று ஒரு வேதாந்தம். திருடனுக்கு நீங்கள் யாரென்று தெரியவே வேண்டாம் சார். 2017 மே 12-ல் ‘வான்னாக்ரை’ வந்தபோது பிரிட்டனின் அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் பேனாவும் பேப்பருமாகத் திரும்பினார்கள். அந்த வைரஸுக்கு ஆஸ்பத்திரி என்றும் தெரியாது, அடகுக் கடை என்றும் தெரியாது. திறந்த கதவு எது என்று தட்டிக்கொண்டே போயிற்று. இதில் ஒரு விசேஷம்... அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்னாலேயே கொடுத்திருந்தது. அதிகம் விழுந்தவை எக்ஸ்.பி.-கூட அல்ல, அந்த மருந்தைப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள்தான்.

அடுத்த வருடம் இன்னும் நல்ல பாடம் ஒன்று கிடைத்தது. 2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி.-யில், உலகத்துக்கே சிப் செய்து கொடுக்கும் கம்பெனியில், மெஷின்கள் வரிசையாக நின்றுபோயின. காரணம், புதிதாக வாங்கிய ஒரு மெஷின். வைரஸ் இருக்கிறதா என்று பார்க்காமலேயே நெட்வொர்க்கில் கோத்துவிட்டார்கள். அதிலிருந்த வான்னாக்ரையின் தம்பி, பக்கத்திலிருந்த விண்டோஸ் 7 மெஷின்களுக்கெல்லாம் தாவிவிட்டான். அங்கே சீக்காளி புதுசு, செத்தது பழசு! பழையதையும் புதியதையும் ஒரே ஒயரில் கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இரண்டாவது கட்சி: ‘எல்லாத்தையும் தூக்கிப் போடு, புதுசு வாங்கு.’ கேட்க சுத்தமாக இருக்கும். ஆனால், அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டு, ஆர்டர்கள் ஆட்டம் கண்டதைப் பார்த்த ஊர் இது. ஜாப் ஒர்க் எடுத்து ஷூவின் மேல்பகுதி தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டுக்கு ஒவ்வொரு ஐம்பதாயிரமும் ஒரு மாதச் சம்பளக் கவலை. தவிர, புதுசு என்றால் உறுதி என்று எந்தச் சட்டமும் இல்லை. தோலில் ரோமத்தை எடுக்க சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அதிலிருந்து வருகிற வாயு வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். கால் கொலுசு கறுக்குமே, அதே சமாசாரம். 2006-ல் ஐரோப்பா எலெக்ட்ரானிக்ஸில் ஈயத்துக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகு சர்க்யூட் போர்டுகளுக்கு மெல்லிசாக வெள்ளி பூசும் வழக்கம் பரவியது. கந்தகக் காற்று அடிக்கும் இடங்களில் அந்த வெள்ளிப் பூச்சு போர்டுகள் சீக்கிரமே அரித்து ஷார்ட் ஆனதை அந்தத் துறை அனுபவத்தில் கண்டுகொண்டது. ஆகவே, புதுப் பெட்டியைச் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வைத்துவிட்டு, ‘வாரன்டி இருக்கே’ என்று நெஞ்சை நிமிர்த்தாதீர்கள்.

இரண்டு கட்சியும் வேண்டாம் என்றால் என்னதான் செய்வது? வேலையைப் பிரித்துக் கொடுங்கள். வாசலில் நிற்க ஒரு ஆள், உள்ளே வேலை பார்க்க ஒரு ஆள்.

வாசலில் நிற்பது புதுசு. ஜி.எஸ்.டி., இ-வே பில், பேங்க், கஸ்டம்ஸ், மெயில் எல்லாம் அதில் மட்டும். ஒன்று இருந்தால்கூடப் போதும். ஆனால், அது அன்றன்றைக்கு அப்டேட் ஆகிற ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பது பழசு. அதன் நெட் ஒயரைப் பிடுங்குங்கள். வொய்ஃபையை அணைத்தால் மட்டும் போதாது, டாங்கிளைக் கழற்றி பீரோவில் பூட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே ஃபைல் போக வேண்டுமென்றால் அதற்கென்று ஒரே ஒரு பென் டிரைவ். சிவப்புக் கயிறு கட்டி ஆணியில் மாட்டுங்கள். புதுக் கம்ப்யூட்டரில் வைரஸ் பார்த்த பிறகே அது உள்ளே போகலாம். பையன் பாட்டு ஏற்றிக்கொண்டு வரும் பென் டிரைவுக்கு அங்கே அனுமதி இல்லை. நெட்டே இல்லாத கம்ப்யூட்டரையும் பென் டிரைவ் வழியாகப் போய்ப் பிடிக்கலாம் என்று 2010-ல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் காட்டிவிட்டது. அது புகுந்தது ஈரானின் அணு நிலையத்தில்.

அடுத்து, பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே அதன் ஹார்டு டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போர்டு போனால் காயலான் கடையில் இன்னொரு போர்டு கிடைக்கலாம். டிஸ்க் போனால் அதிலிருந்த சாஃப்ட்வேர் எந்தக் கடையிலும் கிடைக்காது. மெஷின் எதுவும் கோக்காத, வெறும் கணக்கு மட்டும் பார்க்கிற பெட்டி என்றால், அந்த நகலையே புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஜன்னலாகத் திறந்து ஓட்டலாம். ‘வர்ச்சுவல் மெஷின்’ என்பார்கள். அந்த ஜன்னலுக்கும் நெட் கிடையாது, அது முக்கியம். பிறகு பெட்டியை நிம்மதியாக அனுப்பி வைக்கலாம். அவசரப்பட்டு முதலில் பெட்டியை அனுப்பிவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டம் கணக்குகளை வருடாந்தர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. கம்பெனிகள் சட்டம் 8 வருடம். அதிகாரி வந்து கேட்கும்போது, ‘அந்தக் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுட்டோம் சார்’ என்பது பதில் ஆகாது.

‘லினக்ஸ் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்’ என்று ஒரு தம்பி சொல்வார். பாதி சரி. பத்து வருடத்துக்குள் வாங்கிய, விண்டோஸ் 11 ஏறாது என்று ஒதுக்கிய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் நிஜமாகவே மறுபிறவி. அப்டேட் தொடர்ந்து வரும், ஆகவே நெட்டுக்கும் போகலாம். ஆனால், 2000-களின் தொடக்கத்துப் பெட்டிகள் 32 பிட் ரகம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, அந்த ரகத்தில் புதிதாக நிறுவுகிற வசதியையே கைவிட்டுவிட்டது. தவிர, அளக்கும் மெஷினின் எக்ஸ்.பி. சாஃப்ட்வேர் லினக்ஸில் ஓடும் என்று எந்தத் தம்பியும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

பழசின் குறையையும் மறைக்கக் கூடாது. பென்டியம் 4 பெட்டியும் குண்டு மானிட்டருமாகச் சேர்ந்து 150 வாட் சாப்பிடும் என்று வையுங்கள். நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள், மொத்தம் 360 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 2,880 ரூபாய் கரன்ட்டுக்கே போகும். ஆகவே, அது மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு மட்டும் அதை எழுப்புங்கள். சும்மா லெட்டர் டைப் அடிக்க அதை நாள் முழுக்க ஓட வைப்பது சிக்கனம் இல்லை, சென்டிமென்ட்.

இப்போது அந்தத் தீர்ப்புக்கு வருவோம்.

1996 ஆகஸ்ட் 28. ‘வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய அரசு’ வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றில் தோல் கழிவு கலந்து, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாகவோ பாழாகிவிட்டது என்று பதிவு செய்தது. டேனரிகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அதோடு, இரண்டு தத்துவங்கள் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஒன்று, கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடு. இரண்டு, அசுத்தம் செய்தவனே செலவைக் கட்டு. நாடெங்கும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் ‘வேலூர் கேஸ்’ என்று படிக்கிறார்கள்.

முதல் தத்துவம் நமக்கு. வைரஸ் வந்து தொழிற்சாலை நின்ற பிறகு ஒயரைப் பிடுங்குவதில் அர்த்தமில்லை. இன்றைக்கே பிடுங்க வேண்டும்.

இரண்டாவது தத்துவம் பெட்டியைக் குப்பையாக்கியவருக்கு. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும் என்றது மைக்ரோசாஃப்ட். அந்தத் தலைமுறை கடைக்கு வரத் தொடங்கியதே 2017-ல்தான். அந்த வருடம் ஏழாம் தலைமுறைப் பெட்டியை ஆசையாக வாங்கியவர், எட்டே வருடத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். பாதுகாப்புதான் காரணம் என்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், பழையவர்களுக்கும் அப்டேட் தயாரிக்க முடிகிறது. காசு கொடுத்தால் தருகிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது. நிறுவனங்களுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்த வருடம் இரண்டு மடங்கு, அதற்கடுத்து நாலு மடங்கு. மூன்று வருடத்துக்கு 427 டாலர். டாலர் 85 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 36,295 ரூபாய்! தனி நபருக்கு ஒரு வருடத்துக்கு 30 டாலர். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, செட்டிங்ஸை அவர்களிடம் ஒப்படைத்தால் காசு வேண்டாம் என்றார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டதும் அங்கே மட்டும் நிபந்தனையைத் தளர்த்தி, ஒரு வருடம் இலவசமாகக் கொடுத்தார்கள். ஆம்பூர்க்காரனின் கம்ப்யூட்டர் மட்டும் என்ன பாவம் பண்ணியது?

நம் மின்னணுக் கழிவு விதிகள் 2022-ல் புதிதாக எழுதப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. பெட்டி தயாரித்தவர், இறக்குமதி செய்தவர் தலையில் மறுசுழற்சிப் பொறுப்பை வைக்கின்றன. நல்லது. ஆனால், நன்றாக ஓடும் பெட்டியை ஒரே தேதியில் செல்லாக் காசாக்குகிற சாஃப்ட்வேர்காரரை அவை தொடுவதில்லை. டேனரி முதலாளியை அன்றைக்குக் கூண்டில் ஏற்றியது சரி என்றால், இவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டாமா?

அது இல்லாதவரை செலவைக் கட்டுவது யார்? பெட்டி கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் போகிறது. குண்டு மானிட்டரின் கண்ணாடியில் கிலோக் கணக்கில் ஈயம். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறவன் மூக்கில் போவது விஷப் புகை. பாலாற்றங்கரைக்கு இது புதுக் கதையா? உங்கள் பெட்டி நிஜமாகவே செத்துவிட்டால், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தால் கிடைக்கட்டும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். தொடக்க காலத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. நல்ல யோசனை. இன்று அவற்றில் எத்தனை பரணில் தூங்குகின்றன? 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருடத்தில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். பெட்டியின் மேல் என்னென்னவோ அச்சடிக்கிறோம். அதோடு ஒரு வரி சேர்த்தால் என்ன... ‘இந்தக் கருவிக்கு இந்தத் தேதி வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.’ பத்து ரூபாய் இருமல் மருந்திலேயே காலாவதித் தேதி இருக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளில் இருந்தால் யாருக்கு வலிக்கும்? கடையில் விற்கிற கம்ப்யூட்டருக்கும் இதையே கட்டாயமாக்கலாம்.

ஆட்டையும் மாட்டையும் கறிக்காக அறுத்த பிறகு மிஞ்சுவதுதான் தோல். விட்டால் இரண்டே நாளில் நாறிப்போகும் அந்தப் பொருளை ஷூவாகவும் பையாகவும் ஆக்கி, உலகத்துக்கே விற்ற ஊர்கள் இவை. எதை எடுத்து வைக்கலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்று இவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நாளைக் காலையில் கம்பெனியைத் திறந்ததும் அந்த மூலைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். நீல ஒயர் ஏதாவது சொருகியிருக்கிறதா?

இருந்தால், கழற்றிவிடுங்கள். அது இன்னும் கொஞ்ச காலம் வேலை செய்யட்டும்.